மான்களுக்கு ஒரு பாத்தி

ஜூன் 10, சனி

மனதில் இருப்பதை ஒவ்வொரு நாளும் எழுதி வையுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்று ஆலோசகர் அம்மா தொலைபேசியில் சொன்னார். மனைவி சுகிர்தா வேலையால் வரும்போது இந்தக் கொப்பியை வாங்கி வந்தாள். என் மனதில் இருப்பது மண். ஆகவே மண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், அவர் எதிர்பார்த்தது அதுவல்ல என்றாலும்.

அவர் எதிர்பார்ப்பதை ஒரேயடியாக எழுதிக் கழித்துவிடுகிறேன். போன வருடம் ஒக்ரோபர் 19, காலை ஏழு பத்து. ஒன்ராறியோவின் வடக்கே இந்தக் காட்டுப் பக்கத்தில், மில் வீதியில், நான் ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூட பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மான் வந்தது. பஸ் பள்ளத்துக்குள் இறங்கியது. உள்ளே பதினொரு பிள்ளைகள். ஹேலி என்ற எட்டு வயதுப் பிள்ளைக்கு வலது கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. மானுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரித்தவர்கள் 'தவிர்க்க முடியாதது' என்று எழுதிக் கையொப்பம் வைத்தார்கள். அன்றிலிருந்து லீவில் இருக்கிறேன். திரும்பி வருவேனா இல்லையா என்று நவம்பர் முப்பதுக்குள் கொம்பனிக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என் இடம் வேறு ஆளுக்கு.

முடிந்தது. இனி மண்.

எங்கள் வீடும் மில் வீதியில்தான், வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குப் பதினொரு ஏக்கர் காடு. ஸ்காபரோ நகரத்தை விட்டு வந்து ஆறு வருடம், காட்டுக்குள் ஆறு தரம் போயிருந்தால் பெரிது. மான்கள் ஏன் வீதியைக் கடக்கின்றன? அந்தப் பக்கத்து வயலில் சோயா இருக்கிறது. இந்தப் பக்கம் காட்டுக்குள்ளேயே அதைவிட நல்ல சாப்பாடு இருந்தால் ஏன் கடக்கப் போகின்றன? இதைவிட நேரான யோசனை உண்டா? நூலகப் புத்தகம் ஒன்றில் இதற்கென்றே ஒரு முறை சொல்லியிருக்கிறது. குளிர் நாட்டுக் காட்டுக்குள் சின்னதாக ஒரு இடத்தைத் துப்புரவாக்கி, மானுக்கென்று விதைப்பது. வேட்டைக்காரர்கள் மானை வரவழைக்கச் செய்கிறார்கள். நான் மானை இருத்தி வைக்கச் செய்யப் போகிறேன்.

"ஆறு வருசமா ஒரு கத்தரிக் கண்டு வைக்கச் சொல்லிக் கேக்கிறன். இப்ப மானுக்குத் தோட்டமோ?" என்றாள் சுகிர்தா. ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சோபாவை விட்டு எழும்பியதே அவளுக்குப் போதும் போலிருந்தது.

ஜூன் 14, புதன்

இடம் கிடைத்துவிட்டது. வீதியிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு அடி வைத்து நடக்க வேண்டும். மூன்று தரம் நடந்து அளந்தேன். ஆஷ் மரங்களைப் பூச்சி தின்று, ஏழெட்டு மரம் நின்றபடியே செத்துப்போனதால் மேலே வானம் தெரிகிறது. முப்பது காலடிக்கு நாற்பது காலடி.

குறைந்தது நாலு மணித்தியால வெயில் வேண்டும் என்கிறது புத்தகம். காலை ஆறு தொடக்கம் மாலை ஆறு வரை ஒரு மடக்குக் கதிரையில் இருந்து, வெயில் விழும் இடத்திலெல்லாம் மணிக்கொரு தரம் தடி குத்தினேன். ஐந்தேகால் மணித்தியாலம் வந்தது. ஐம்பத்தேழு வயதில், வெயில் எப்படி நடக்கிறது என்பதை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அது நேராக நடப்பதில்லை. மேப்பிள் மரங்களுக்குள்ளே ஒளித்து, எதிர்பாராத பக்கத்தால் வருகிறது. நுளம்பு என்னைத் தின்று முடித்துவிட்டது.

ஜூன் 25, ஞாயிறு

டோரீன் மரம் அறுக்கும் சங்கிலி வாளோடு வந்தாள். மில் வீதிக்கு அந்தப் பக்கம் அவளுடைய வீடு. குளிர்காலத்தில் ஊராட்சிக்காகப் பனி தள்ளும் லொறி ஓட்டுவாள், நவம்பரில் மான் சுடுவாள், மற்றக் காலத்தில் எல்லாருக்கும் உதவி செய்வாள். எங்கள் காரின் பற்றரி இறங்கிக் கிடப்பதால் சுகிர்தாவை முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு ஏற்றிப் போவதும் அவள்தான். என் வயதுதான் இருக்கும். கேதீஸ்வரன் என்ற பெயரைக் கீத் என்று சுருக்கிய நாளிலிருந்து என்னை உரிமையோடு அதட்டுகிறாள். அவள் பேசுவது ஆங்கிலம். ஆனால் என் காதுக்குள் அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.

"கீத், எத்தினை கிளைக் கொம்புக்கு ஆசைப்படுறாய்?"

"கொம்பு வேண்டாம். சும்மா பாக்கத்தான்."

"பாக்கவோ? பாக்கிறதுக்கு ஆராவது மரம் வெட்டுவினமே?"

"நான் மரக்கறி சாப்பிடுற ஆள், டோரீன்."

"அப்ப மானோட சேர்ந்து நீயும் மேயப் போறாய்" என்று சொல்லிவிட்டு வாளின் கயிற்றை இழுத்து முடுக்கினாள். செத்த மரங்கள் எல்லாம் மத்தியானத்துக்குள் விழுந்துவிட்டன. காரணத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் கதை ஒக்ரோபருக்குப் போகும்.

ஜூலை 8, சனி

மண்ணைச் சோதிக்கும் சிறு பெட்டி ஒன்று வந்தது. மண்ணும் தண்ணீரும் ஒரு தூளும் போட்டுக் குலுக்கினால் நிறம் மாறும். பச்சை வந்தால் நல்லது. எனக்குச் செம்மஞ்சள் வந்தது. ஐந்து இடத்தில் எடுத்த மண்ணும் அப்படித்தான். காட்டு இலை உக்கி உக்கி நிலம் புளித்துப்போயிருக்கிறது, சுண்ணாம்பு வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் பிறந்த ஊரில் நாலடி தோண்டினால் சுண்ணாம்புக் கல் இடிக்கும். கிணறு வெட்டுகிறவர்கள் அதைத் திட்டாத நாளில்லை. இங்கே அதையே மூட்டையாக வாங்கி, டோரீனின் சின்ன வண்டியில் ஏற்றி, கையால் தூவுகிறேன். பத்து மூட்டை. முகமெல்லாம் வெள்ளை.

"கண்ணாடியில ஒருக்காப் பாருங்கோ, திருநீறு பூசின மாதிரி" என்றாள் சுகிர்தா.

ஜூலை 11, செவ்வாய்

ஆலோசகர் அழைத்தார். பஸ்ஸைப் பற்றி எழுதினீர்களா என்று கேட்டார். சுண்ணாம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன் என்றேன்.

ஜூலை 29, சனி

மூன்று வாரமாக வாரியால் இலை வாருகிறேன். இலைக்குக் கீழே இலை, அதற்குக் கீழே பாய் போல நெருங்கிய வேர். விதை மண்ணைத் தொடாவிட்டால் முளைக்காது, ஆகவே கறுப்பு மண் தெரியும் வரைக்கும் விடக்கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு மீற்றர் அகலம் முன்னேறுகிறேன். தவளை, கால் நிறைய உள்ள பூச்சி, யாரோ எப்போதோ எறிந்த பியர் போத்தல், மானின் விழுந்த கொம்புத் துண்டு ஒன்று. கொம்பில் எலி கடித்த தடம் இருந்தது. எலி ஏன் கொம்பைக் கடிக்கிறது என்று தேடிப் படித்ததில் ஒரு பின்னேரம் போனது. அதற்கும் சுண்ணச் சத்துத் தேவையாம்.

நன்றாக நித்திரை வருகிறது. சுகிர்தாவிடம் சொல்லவில்லை, அவள் உடனே "அப்ப எப்ப வேலைக்கு?" என்பாள்.

ஆகஸ்ட் 5, சனி

விதைத்தேன்.

நாலு விதை: குளோவர் என்ற மூவிலைச் செடி, ஓட்ஸ், ரை என்ற குளிர் தாங்கும் தானியம், டேர்னிப் கிழங்கு. டேர்னிப் விதை நம் கடுகு போலத்தான், கொஞ்சம் கறுப்பு. குளோவர் அதிலும் சிறிது. கையால் எறிந்தால் ஒரே இடத்தில் குவியும். ஊரில் கீரை விதைக்கிற மாதிரி மணலோடு கலந்து எறிந்தேன், சீராக விழுந்தது. டோரீனுக்கு அந்தத் தந்திரம் தெரியவில்லை. முதல் தரமாக என்னை மரியாதையோடு பார்த்தாள்.

சின்ன விதையை ஆழமாக மூடக்கூடாது. மிதித்துவிட்டால் போதும். சுகிர்தாவும் நானும் கை கோத்துக்கொண்டு அந்த நிலம் முழுக்க மேலும் கீழும் மிதித்தோம். கலியாண வீட்டில்கூட நாங்கள் இப்படி ஒட்டி நடக்கவில்லை. பின்னேரம் மழை பெய்தது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இன்றைக்கு வாங்கிய பேச்சை எழுதாமல் விடக்கூடாது.

விதைத்த மறுநாளே வேலி போடத் தொடங்கினேன். செத்த ஆஷ் மரத்தில் முப்பத்தாறு கட்டை வெட்டி, குழி கிண்டி நட்டு, சுற்றிவரக் கம்பி இழுத்து, ஒரு படலையும் வைத்து ஏழு நாளில் முடித்தேன். முளை பச்சையாகத் தெரிந்தது. பெருமையோடு டோரீனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் படலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கீத், இது ஆருக்குப் போட்ட தோட்டம்?"

"மானுக்கு."

"மானுக்குப் படலையைத் திறக்கத் தெரியுமே?"

சுகிர்தா மரத்தில் சாய்ந்து சிரிக்கிறாள், நிறுத்த முடியவில்லை. "எங்கட ஆக்கள் அப்பிடித்தான் டோரீன். காணி வாங்கினா முதல் வேலி, பேந்துதான் கிணறு, வீடு எல்லாம். வேலி இல்லாட்டி இவருக்கு அது காணியாவே தெரியாது."

உண்மைதான். இந்த ஏழு நாளில் ஒரு நிமிடம்கூட எனக்கு அது பிழையாகப் படவில்லை. கை தானாகச் செய்தது. பின்னேரமே கம்பியைக் கழற்றினோம். ஒரு மூலையில் மட்டும் ஒரு கதிரை அளவுக்குக் கூடு போல விட்டு வைத்தேன். உள்ளே தின்னாத பயிர், வெளியே தின்ற பயிர். எவ்வளவு தின்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

வந்துவிட்டன! காலை ஆறரைக்கு இரண்டு பெண்மானும் ஒரு குட்டியும். ஓட்ஸை நுனியில் மட்டும் கிள்ளித் தின்கின்றன, மாடு போல வாரி இழுப்பதில்லை. குட்டி ஒவ்வொரு வாய்க்கும் ஒருதரம் தாயைப் பார்க்கிறது. நான் நாற்பது நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அங்கே இருந்து வடக்கே, காட்டுக்குள்தான் போயின. வீதிப் பக்கம் போகவேயில்லை. என் யோசனை சரி.

செப்டெம்பர் 5, செவ்வாய்

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. பாத்தியில் நிற்கும்போது ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு மில் வீதியில் பஸ் போகும் சத்தம் கேட்டது. இரண்டாவது வளைவில் புது ஆள் பிரேக்கைப் பிந்திப் பிடிக்கிறான். அந்த இடத்தில் முன்னமே பிடிக்க வேண்டும்.

களை பிடுங்கினேன்.

செப்டெம்பர் 24, ஞாயிறு

ஒரு புதிர். ஓட்ஸும் குளோவரும் கூட்டுக்கு வெளியே பாதியாகிவிட்டது. டேர்னிப் இலை முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது, ஒரு மானும் வாய் வைக்கவில்லை. மணந்து பார்த்துவிட்டு விலகிப் போகின்றன. என்ன குறை என்று நானே ஒரு இலையைக் கடித்துப் பார்த்தேன். கடுப்பும் கசப்பும். பிறகு ஒரு கட்டுப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். சுகிர்தா தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தாள், பிட்டோடு தின்ன அருமையாக இருந்தது.

"மான் வேண்டாமெண்டதை மனுசன் தின்னுறான்" என்றாள். பிறகு கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்: "இஞ்சருங்கோ, காருக்கு ஒரு பற்றரி வாங்கிப் போட்டா என்ன?"

பார்ப்போம் என்றேன்.

ஒக்ரோபர் 8, ஞாயிறு

முதல் உறைபனி. காலையில் டேர்னிப் இலையின் விளிம்பெல்லாம் வெள்ளை. குளிர் பிடித்தால் அந்தச் செடி உறையாமல் இருப்பதற்காகத் தன் மாச்சத்தைச் சீனியாக மாற்றிக்கொள்ளும் என்று புத்தகம் சொல்கிறது. கடித்துப் பார்த்தேன். கசப்புக் குறைந்திருந்தது. இன்னும் நாலைந்து நல்ல குளிர் வேண்டும்.

ஒக்ரோபர் 19, வியாழன்

மழை. எழுத ஒன்றுமில்லை.

ஒக்ரோபர் 20, வெள்ளி

இருக்கிறது.

பஸ் ஓட்டப் பழக்கும்போது முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற விதி ஒன்று உண்டு. மிருகம் குறுக்கே வந்தால் பிரேக்கை அமத்து, ஸ்டியரிங்கைத் திருப்பாதே. இடிபட்டால் இடிபடட்டும். மான் சாகும், பிள்ளைகள் பிழைப்பார்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நான் சரியாகத்தான் எழுதினேன்.

அன்றைக்கு மான் என்னை நிமிர்ந்து பார்த்தது. நான் திருப்பினேன். பிரேக் பிடிக்கவில்லை என்றும் இல்லை, வழுக்கியது என்றும் இல்லை. என் இரண்டு கையாலும் வலது பக்கம் திருப்பினேன். மானைக் காப்பாற்றிவிட்டுப் பதினொரு பிள்ளைகளைப் பள்ளத்தில் இறக்கினேன். விசாரித்தவர்களிடம் "எனக்கு ஞாபகமில்லை" என்றேன். அவர்களும் பாவம் பார்த்து 'தவிர்க்க முடியாதது' என்று எழுதினார்கள். ஹேலியின் தாய் ஒரு நன்றி அட்டை அனுப்பினாள், பள்ளத்தில் கிடந்த பஸ்ஸின் கண்ணாடி வழியாக நான் பிள்ளைகளை வெளியே இறக்கியதற்காக. அதை இன்றுவரை சுகிர்தாவுக்கும் காட்டவில்லை.

இனியும் ஒரு மான் வந்தால் இந்தக் கை திருப்பும் என்றுதான் பயப்படுகிறேன். ஆகவே மான் வரவே கூடாது. அதற்குத்தான் இந்தப் பாத்தி.

நவம்பர் 4, சனி

கடும் குளிர் ஐந்து நாள் அடித்தது. டேர்னிப் சீனியாகிவிட்டது போலும், ஒரே வாரத்தில் பாதிப் பாத்தி மொட்டை. இலை முடிந்து, கிழங்கைக் காலால் கிளறி எடுத்துக் கடிக்கின்றன. இன்று காலை ஒரே நேரத்தில் ஐந்து. கூட்டுக்குள் மட்டும் பச்சை.

திங்கட்கிழமை வேட்டை தொடங்குகிறது. டோரீன் பாத்தி ஓரத்தில் ஒரு நாள் இருக்கலாமா என்று கேட்டாள். மாட்டேன் என்றேன்.

"மரம் வெட்டித் தந்தது நான்" என்றாள்.

"தெரியும்."

"காரணமாவது சொல்லு."

சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாள், ஆனாலும் சுகிர்தாவை ஏற்றிப் போக வழக்கம் போல மாலை ஆறு மணிக்கு வந்து ஹோன் அடித்தாள்.

நவம்பர் 18, சனி

நேற்று முதல் பெரும்பனி, முழங்காலுக்கு. இன்று வெளித்தது. பனியில் எல்லாமே எழுதி வைத்தது போலத் தெரியும் என்பதால் விடிந்ததும் ஆவலோடு போனேன்.

பாத்தியைச் சுற்றிக் குளம்புத் தடம். எண்ணப் பார்த்தேன், எட்டு மானாவது இருக்கும். எங்கே இருந்து வருகின்றன என்று தடத்தைப் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வடக்கே போகும் என்று நினைத்தேன். தெற்கே போனது. ஒரே வரிசையாக, ஒன்றின் காலடியில் ஒன்று மிதித்து, ஒரு ஒற்றையடிப் பாதை. நூறு அடி, இருநூறு அடி. இன்னும் தெற்கே. நான் நடையை மெதுவாக்கினேன், போய்ச் சேராமல் இருக்கலாம் என்பது போல. நானூற்றுப் பன்னிரண்டு அடியும் முடிந்தது, மில் வீதி வந்தது. தடம் பள்ளத்தில் இறங்கி, வீதியைக் கடந்து, அந்தப் பக்கம் டோரீனின் காட்டுக்குள் போனது. இரண்டாவது வளைவு முடிந்து இருபது அடி.

பஸ் இறங்கிய அதே இடம்.

நவம்பர் 19, ஞாயிறு

டோரீனின் கதவைத் தட்டினேன். சுகிர்தாவும் கூட வந்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்: ஏன் பாத்தி போட்டேன், தடம் எங்கே போகிறது, அன்றைக்கு என் கை என்ன செய்தது. சுகிர்தா சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டோரீன் கையால் தன் வீட்டுப் பின்பக்கத்தைக் காட்டினாள்.

"பனி விழுந்தா மான் எல்லாம் என்ர பின்பக்கத்தில இருக்கிற, குளிரிலயும் இலை கொட்டாத சீடர் மரக் காட்டுக்குள்ளதான் வந்து படுக்கும், கீத். அங்க பனி நிலத்துக்கு வராது, காத்தும் இல்லை. ஒவ்வொரு குளிருக்கும் அப்பிடித்தான். முந்தி அதுகள் சோயா அரிதாளையும் சீடரையும் திண்டுகொண்டு இந்தப் பக்கமே கிடந்துதுகள். இப்ப நீ ரோட்டுக்கு அங்கால விருந்து வச்சிருக்கிறாய்."

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீ சொன்னனியே? ரோட்டுக்காகத்தான் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அண்டைக்கே வாளைத் திருப்பிக் கொண்டு போயிருப்பன். நீயும் எல்லாரையும் போலத்தான் எண்டு நினைச்சன்."

மானின் சாப்பாட்டைத் தேடிப் போன நான், அதன் படுக்கை எங்கே என்று கேட்கவில்லை. மூன்று பேருமாகப் பாத்திக்குப் போய், பனியைத் தள்ளி, மிச்ச டேர்னிப் எல்லாம் பிடுங்கினோம். நிலம் இறுகிப்போய்ப் பல கிழங்கு பாதியில் முறிந்தது. ரையும் குளோவரும் பனிக்கடியில் பச்சையாகக் கிடக்கின்றன, அதைப் பிடுங்க முடியாது. தடம் விழுந்துவிட்டால் இந்தக் குளிர் முடியும் மட்டும் வரத்தான் செய்யும் என்கிறாள் டோரீன். வசந்தத்தில் அவளுடைய சீடருக்குப் பக்கத்திலேயே ஒரு பாத்தி போடலாமாம். வசந்தம் ஐந்து மாதத்துக்கு அப்பால்.

வரும் வழியில் சுகிர்தா கேட்டாள்: "ஒரு வருசமா இதை மனசுக்குள்ள வச்சுக்கொண்டே இருந்தனீங்கள்?"

"நீர் என்ன நினைப்பீரோ எண்டுதான்."

"மானை இடிக்கிற மனுசனையே நான் கட்டினனான்?" என்றாள். பிறகு அழுதாள். "பிள்ளையளையும் நினைச்சிருக்கோணும்தான்." இரண்டும் அவளுக்கு உண்மை, எனக்கும்தான்.

நவம்பர் 20, திங்கள்

டோரீனின் செம்மஞ்சள் வேட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆறே முக்காலுக்கு இரண்டாவது வளைவுக்கு முன்னால் போய் நின்றேன். கையில் டோர்ச். ஏழு எட்டுக்கு பஸ் வந்தது. ஆட்டினேன். புது ஆள் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, என்ன என்றான். மான் கடக்கிற இடம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். பின்னால் நாலாவது கண்ணாடியில் ஹேலி. வளர்ந்திருக்கிறாள். கையைக் காட்டவில்லை, பார்த்தாள்.

பத்து மணிக்கு டோரீன் என்னைக் கொம்பனிக்கு ஏற்றிப் போனாள். பொறுப்பாளர் பிரெண்டா கோப்பி தந்தாள்.

"கடக்கிற இடத்தை எழுதித் தா, ஓட்டுறவனுக்குக் குடுக்கிறன்" என்றாள்.

"எழுதினாக் காணாது. வளைவுக்கு முன்னமே மெதுவாக்கோணும். அந்த இடத்தை நான் இருட்டிலயும் கண்டுபிடிப்பன்." பிறகு என் வாயால் வந்தது: "நான் ஓட்டுறன். ஆனா முதல் ஒண்டு சொல்லோணும்."

சொன்னேன். 'ஞாபகமில்லை' என்றது பொய் என்றும் சொன்னேன். பிரெண்டா பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதை நான் மேல எழுதத்தான் வேணும். வேலை போனாலும் போகும், கீத். தெரியும்தானே?"

"தெரியும்."

"ஹேலியின்ர தாய்க்கும் சொல்லோணும்."

"அதை நானே சொல்லுறன்" என்றேன்.

நவம்பர் 21, செவ்வாய்

ஹேலியின் தாயிடம் போய், திருப்பியது நான்தான் என்று சொன்னேன். முதலில் கதவைச் சாத்தினாள். நான் போகத் திரும்பும்போது திறந்து, "ஏன் இப்ப வந்து சொல்லுறாய்?" என்று கேட்டாள். மான் தடத்தைப் பற்றிச் சொன்னேன். உள்ளே வரச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரை கேட்டாள்.

நவம்பர் 24, வெள்ளி

ஐந்து நாளாக வளைவில் நிற்கிறேன். மூன்று நாள் மான்கள் கடந்தன, மூன்றும் ஏழுக்கும் ஏழேகாலுக்கும் இடையில். முன்னால் வருவது எப்போதும் ஒரு கிழட்டுப் பெண்மான். பள்ளத்தில் நின்று, காதை இரண்டு பக்கமும் திருப்பி, முன்காலை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறது. மற்றவை அது செய்ததை அப்படியே செய்கின்றன. சுகிர்தா போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள்.

காருக்குப் பற்றரி போட்டேன். வீதி முடியும் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். 

நவம்பர் 29, புதன்

பிரெண்டா அழைத்தாள். என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் சேர்க்கிறார்கள். நாளையும் மறுநாளும் பயிற்சியாளரை வைத்து ஓட்ட வேண்டும். வேலை இருக்கிறது. ஹேலியின் தாய் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "பிள்ளை ஏறினா ஏறட்டும், ஏறாட்டி நான் கொண்டுபோய் விடுறன் எண்டு சொன்னா" என்றாள்.

டிசம்பர் 4, திங்கள்

ஐந்து மணிக்கு எழும்பி பஸ்ஸைச் சூடாக்கினேன். பதின்மூன்றரை மாதத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில் தனியாக. இப்போது பன்னிரண்டு பிள்ளைகள்.

ஹேலியின் தரிப்பிடத்தில் தாயும் அவளும் நின்றார்கள். கதவைத் திறந்தேன். ஹேலி கீழே நின்றபடி என் கையைப் பார்த்தாள், முகத்தை அல்ல. பிறகு ஏறி, எனக்கு நேர் பின்னாலுள்ள ஆசனத்தில் இருந்து பட்டியைப் போட்டாள். தாய் காருக்குள் ஏறி, பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தாள்.

முதலாவது வளைவு. இரண்டாவது வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்தேன். வளைவு முடிய, வெளிச்சத்தில் பள்ளத்துக்குள் இரண்டு கண் மின்னியது. கிழட்டுப் பெண்மான், முன்காலைத் தட்டுகிறது. என் கை ஸ்டியரிங்கில் இறுகியது. நேராக வைத்திருந்தேன். பிரேக்கை மெல்ல அமத்தினேன், பஸ் நின்றது.

ஏன் அடுத்ததைச் செய்தேன் என்று தெரியாது. பிள்ளைகளை ஏற்றி இறக்கும்போது மட்டும் போட வேண்டிய சிவப்பு விளக்குகளைப் போட்டேன். பக்கத்தில் 'நில்' என்ற பலகை விரிந்தது; அதைக் கண்டால் இரு பக்கத்து வண்டிகளும் நிற்க வேண்டும் என்பது சட்டம். எதிரே வந்த பால் லொறி நின்றது. பின்னால் ஹேலியின் தாயின் காரும் நின்றது. மில் வீதி முழுக்கச் சிவப்பாக மின்ன, கிழட்டு மான் ஏறி வந்தது. அதன் பின்னால் மற்றவை, அவசரமில்லாமல். பிள்ளைகள் எல்லாரும் எழும்பி, சத்தமில்லாமல் எண்ணினார்கள். ஏழு.

பலகையை மடக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"பொறுங்கோ," என்றாள் ஹேலி, என் காதுக்குப் பின்னால். "இன்னும் ஒண்டு இருக்கு. அது பயந்து நிக்குது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பொறுத்தேன். பால் லொறிக்காரனும் பொறுத்தான். ஒரு நிமிடம் போயிருக்கும். பிறகு பள்ளத்துக்குள் இருந்து அந்தக் குட்டி, வளர்ந்த குட்டி, தலையை நீட்டியது. வீதியின் நடுவில் நின்று எங்களை நிமிர்ந்து பார்த்தது. நானும் பார்த்தேன். பிறகு தாயிருந்த பக்கம் ஓடியது.

பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நிமிடம் பிந்திவிட்டோம். பிந்தினால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'மான்' என்று எழுதினேன். அதை வெட்டிவிட்டு, 'நான் நிறுத்தினேன்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.